தொண்ணூறு விநாடி

குணாளனிடம் யாராவது தனியாக அகப்பட்டுக்கொண்டால் போதும், தன் வீட்டு டிவி அலமாரியைப் பற்றிப் பேசாமல் அவன் விடமாட்டான். கல்யாணப் பந்தியாக இருந்தாலும் சரி, தண்ணீர்மலைக் கோயிலுக்கு மூச்சிரைக்கப் படியேறும் நேரமாக இருந்தாலும் சரி, பேச்சு சுற்றிவளைத்து அங்கேதான் வந்து நிற்கும். அந்த அலமாரிக்குள் இருந்தவை பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. செங்கல் அளவில் ஒரு குட்டிக் கணினி, அதன் பக்கத்தில் உள்ளே இரண்டு வட்டுகள் சுழலும் ஒரு கறுப்புப் பெட்டி, கொஞ்சம் வயர்கள். ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் அவன் குடும்பத்தின் பத்தொன்பது வருஷம் இருந்தது. மகள் ரூபினி தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து ஜொகூருக்குப் படிக்கப் போன நாள்வரை எடுத்த வீடியோ அத்தனையும் அதில்தான். வீட்டில் யார் கைப்பேசியில் எதை எடுத்தாலும் அது தானாகப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கைப்பேசியிலிருந்து அழிந்து அங்கே இடம் காலியாகிவிடும். குரல் செய்திகூடத் தப்பாது. இதுவும் அவன் செய்த ஏற்பாடுதான்.

“போன்ல வச்சிருந்தா ஒருநாள் போயிரும். பெட்டில இருந்தா எங்கயும் போவாது லா” என்பான்.

குட்டிக் கணினிக்குள் இரண்டு வேலைக்காரர்களை அவன் வைத்திருந்தான். ஆட்கள் இல்லை, நிரல்கள்தான். ஆனால் அவன் ஆட்களைப் போலவே பேசுவான், நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். ஒருவன் படங்காட்டி. கறுப்புப் பெட்டியில் இருப்பதையெல்லாம் துழாவி, டிவியில் வரிசையாகப் படம் போட்டுக் காட்டுவது அவன் வேலை. இன்னொருவன் நகல்காரன். பெட்டியில் இருப்பது போலவே தாசேக் கெலுகோரில் குணாளனின் அக்கா ருக்குமணி வீட்டில் இருக்கும் வட்டையும் வைத்துக்கொள்வது அவன் வேலை. இங்கே ஒன்று சேர்ந்தால் அங்கேயும் சேர்ப்பான். இங்கே ஒன்று இல்லாமல் போனால் அங்கேயும் இல்லாமல் ஆக்குவான். ஏன், எதற்கு என்று கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

இவர்கள் எழுந்திருப்பதற்கு ஒரு வரிசை உண்டு. கறுப்புப் பெட்டி முதலில் எழுந்து வட்டுகளைச் சுழலவிட வேண்டும். அதன் பிறகுதான் மற்ற இருவரும் கண் விழிக்கலாம். முந்திக்கொண்டு விழித்தால் அவர்கள் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒன்றுமே இருக்காது. சோறு வேகும் முன்பே ஆட்களைப் பந்தியில் உட்காரவைத்த கதைதான். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் டிவியில் படம் எதுவும் இல்லை என்று வரும்; குணாளன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தன் கையால் எழுப்புவான். நகல்காரனை மட்டும் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்டியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்த பிறகே எழுப்புவான். அந்த ஒரு வழக்கம் இருந்தவரைக்கும் எந்தக் குறையும் வரவில்லை.

இனி லோகேஸ்வரி. குணாளனின் மனைவி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வகுப்பறையில் நின்று அவள் ஒரு பெயரைக் கூப்பிட்டால் திடலின் கோடியில் பந்து உதைக்கும் பையன் காலைத் தூக்கியபடி நிற்பான் என்று பள்ளியில் கேலி பேசுவார்கள். போன வருஷக் கடைசியில் அந்தக் குரல் கரகரத்தது. சளி என்றாள். பிறகு, பரீட்சை முடியட்டும் என்றாள். ஒருவழியாக ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையில் கட்டி என்றார்கள். செவ்வாய்க்கிழமை சொன்னார்கள், அடுத்த திங்கட்கிழமை குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, அதுவே பெரிய காரியம். இப்போது அவள் மூச்சு விடுவது கழுத்தில் வைத்த துளை வழியாக. பேச்சு போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஷாஹிரா என்ற பெண்தான் அந்த நம்பிக்கையைக் கொடுத்தாள். ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் பேச்சிழந்தவர்களுக்கு அவரவர் பழைய குரலையே கணினியில் செய்து கொடுக்கிறார்களாம். தமிழுக்கு இந்த வருஷம்தான் ஆரம்பித்திருக்கிறார்களாம். எழுத்தைத் தட்டினால் அது அவர்கள் குரலிலேயே பேசும்.

“பழைய ரெக்கார்டிங் இருந்தா போதும் அண்ணே. அரை மணி நேரத்துக்காவது சுத்தமா அவங்க குரல் மட்டும் வேணும். கூட்டம், பாட்டு எதுவும் கலக்கக் கூடாது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்து கொடுத்துருங்க. அன்னைக்கு சேர்க்கைய மூடிருவாங்க. அடுத்தது எப்போன்னு எனக்கும் தெரியாது.”

“அரை மணி நேரமா?” குணாளன் சிரித்தான். “எங்கிட்ட நாப்பது மணி நேரம் இருக்கு.”

அப்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். லோகேஸ்வரிகூட அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடுத்திருந்தால் ஒரு மணி நேரத்து வேலை. குணாளன் உட்காரத்தான் செய்தான். முதலில் கைக்கு வந்தது பதினோரு வருஷத்துக்கு முந்திய தைப்பூச வீடியோ. “என்னாங்க, கேமராவ எங்க காட்டுறீங்க, பிள்ளையக் காட்டுங்க!” என்றது லோகேஸ்வரியின் குரல். அதே அதட்டல், அதே செல்லம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணாடிமுன் நின்று கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அந்தக் குழாயில் காற்று போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. குணாளன் வீடியோவை மூடிவிட்டான். இரண்டாவதைத் திறக்க அவனுக்குத் தெம்பில்லை. இதை அவளிடம் சொல்லவும் தெம்பில்லை.

சொல்லத் தெம்பில்லாத ஆண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எதையாவது கழற்றிப் பூட்டுவார்கள். குணாளனும் அதைத்தான் செய்தான். “சிஸ்டத்த முதல்ல ஒழுங்கு பண்ணிர்றேன். கரண்டு அடிக்கடி போவுது, மழைக்காலம். எல்லாம் தானா வரிசையா எந்திரிக்கிற மாதிரி செஞ்சிட்டு, அப்புறம் வீடியோ எடுக்கிறேன்” என்று அவளிடம் சொன்னான். அவள் தலையாட்டினாள். அவன் அன்று முழுக்க அலமாரிமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மின்சாரம் வந்ததும் கறுப்புப் பெட்டி எழும், தொண்ணூறு விநாடி கழித்துப் படங்காட்டி எழுவான், அவனோடு நகல்காரனும் எழுவான் என்று எழுதிவைத்தான். இனி யாரும் கைவைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோதனையும் வேண்டியதில்லை.

தொண்ணூறு என்று எங்கிருந்து வந்தது? பெட்டி எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மேலே அரை நிமிஷம் போட்டுக்கொண்டான். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக அவன் செய்வது இதுதான். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களை எழுப்பும் டெக்னீஷியன் அவன். முதலில் பம்பைப் போடு, கடிகாரத்தில் பத்து நிமிஷம் பார், பிறகு குளிர்விப்பானைப் போடு, இன்னொரு ஐந்து நிமிஷம் பார், பிறகு அடுத்தது. புதிதாக வந்தவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுப்பான். அங்கே அது ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை. அங்கே ஒன்று எழாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், பத்துப் பேர் ஓடிவருவார்கள் என்பதை அவன் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கேண்டீனில் கூட வேலை செய்யும் இக்மலிடம் தன் புதிய ஏற்பாட்டை விளக்கினான். இக்மல் அவனைவிடப் பதினைந்து வயது இளையவன், கணினிப் படிப்புப் படித்துவிட்டு வந்தவன்.

“அண்ணே, எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. ‘எந்திரிச்சிட்டியா’ன்னு பெட்டியக் கேக்கச் சொல்லுங்க. ஆமான்னு பதில் வந்தாத்தான் அடுத்தவன் எந்திரிக்கணும். பதில் வரலன்னா படுத்தே கெடக்கட்டும். ரெண்டே வரிதான் லா.”

“இருபத்திரண்டு வருஷமா எண்ணித்தான் தம்பி ஓட்டுறேன்.”

“மெஷின் வேற, இது வேற அண்ணே. பெட்டி ஒருநாள் எந்திரிக்கவே இல்லன்னா?”

“எந்திரிக்கும். நான் வாங்குன பெட்டி” என்று சொல்லிவிட்டுக் குணாளன் மீதிக் கோப்பியைக் குடித்தான். ஒரு சின்னப் பையன் தனக்குப் பாடம் எடுப்பதா என்ற எரிச்சல் அவனுக்கு. இரண்டு வரி எழுத இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

வீட்டில் லோகேஸ்வரி சும்மா இருக்கவில்லை. அவன் பயந்த காரியத்தை அவள் பயமில்லாமல் செய்தாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டிவிமுன் உட்கார்ந்து, தன் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, ஒரு பள்ளி நோட்டில் பட்டியல் எழுதினாள். ‘ரூபினி பத்தாவது பிறந்தநாள். 2:10 முதல் 4:35 வரை. கூட்டமில்லை. தெளிவு.’ ‘பரிசளிப்பு விழா ஒத்திகை. முதல் ஆறு நிமிடம். மிகத் தெளிவு.’ ‘அக்கா வீட்டுத் தீபாவளி. பட்டாசுச் சத்தம், வேண்டாம்.’ செவ்வாய்க்கிழமை மாலைக்குள் நாற்பத்தேழு நிமிஷம் சேர்ந்திருந்தது. நோட்டை அவன் கையில் கொடுத்து, கீழே எழுதிக் காட்டினாள்: ‘இவ்வளவு போதும். எடுத்துக் கொடுங்கள்.’

“நாளைக்கு வேல முடிஞ்சு வந்து எடுத்துர்றேன்” என்றான் குணாளன்.

மறுநாள் புதன்கிழமை. மதியம் இரண்டரைக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையின் தூசி நுழையாத சுத்த அறையில் வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக நின்ற குணாளனுக்கு வெளியே மழை பெய்வதே தெரியாது. அங்கே ஜன்னல் கிடையாது, கைப்பேசிக்கும் அனுமதி கிடையாது. நாலு மணிக்கு வேலை முடிந்து வந்து லாக்கரைத் திறந்தான். கைப்பேசியில் பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. பதினொன்றும் லோகேஸ்வரியிடமிருந்து.

பேச்சில்லாத ஒருத்தி எதற்குப் பதினொரு தடவை போன் செய்வாள்? அவள் கீழே விழுந்துவிட்டாள் என்றே குணாளன் நினைத்தான். கழுத்துத் துளை அடைத்துக்கொண்டது என்று நினைத்தான். பிறகுதான் அவள் அனுப்பிய செய்திகளைப் பார்த்தான்.

‘கரண்ட் போய் வந்தது.’

‘டிவியில் படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன.’

‘போனை எடுங்கள்.’

‘பிறந்தநாள் போய்விட்டது.’

‘பிளக்கைப் பிடுங்கவா?’

‘பிடுங்கவா? சொல்லுங்கள்.’

அதற்குப் பிறகு எழுத்தில்லை, அழைப்புகள் மட்டும். கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிக் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பத்து நிமிஷத் தூரம். ஆனால் மழை விட்ட மாலை, வேலை விடும் நேரம், சாலை முழுக்க ஜேம். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வழியில் நின்று நின்று போனபோதெல்லாம் ஒரே ஒரு நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்: இங்கே என்ன ஆனாலும் அக்கா வீட்டில் நகல் இருக்கிறது. அதற்காகத்தானே அங்கே வைத்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது லோகேஸ்வரி அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் வெறும் நீலத் திரை. நடுவில் ‘இங்கே எதுவும் இல்லை’ என்ற ஒரு வரி. கறுப்புப் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கிட்டே குனிந்தால் கருகிய வாசனை. மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் அது செத்துப் போயிருந்தது.

“பரவால்ல” என்றான் குணாளன். “பரவால்ல லோகா. அக்கா வீட்டுல இருக்கு.”

மடிக்கணினியைத் திறந்து தாசேக் கெலுகோர் வட்டை எட்டிப் பார்த்தான். ஒருமுறை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். அங்கேயும் ஒன்றும் இல்லை.

ருக்குமணிக்குப் போன் போட்டான்.

“அக்கா, உங்க வீட்டுல கரண்டு போச்சா? பெட்டிய யாராச்சும் தொட்டீங்களா?”

“இங்க மழையே இல்லடா. பெட்டி அது பாட்டுக்கு இருக்கு. பச்ச லைட்டு எரியுது. மத்தியானம் ரொம்ப நேரம் மினுமினுன்னு அடிச்சிச்சு, நீதான் ஏதோ வேல பாக்கிறேன்னு நெனச்சேன். ஏன்டா, என்னா ஆச்சு?”

குணாளன் போனை வைத்தான். என்ன நடந்தது என்பது அவனுக்கு அந்த நொடியே முழுசாகப் புரிந்துவிட்டது. மின்சாரம் வந்தது. கறுப்புப் பெட்டி எழவில்லை. கணினி தொண்ணூறு விநாடி எண்ணியது. எண்ணி முடிந்ததும் இருவரும் எழுந்தார்கள். படங்காட்டி எட்டிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. டிவியிலிருந்து ஒவ்வொரு படமாக நீக்கினான். நகல்காரன் எட்டிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. சரி, இங்கே இல்லையென்றால் அங்கேயும் இருக்கக் கூடாது என்று தாசேக் கெலுகோரில் இருந்ததை ஒவ்வொன்றாக அழித்தான். அவன் தன் வேலையைத் துளி பிசகாமல் செய்தான். ‘எந்திரிச்சிட்டியா’ என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருந்தால், செத்த பெட்டியிடமிருந்து பதில் வராமல் இருவரும் இந்நேரம் வரைக்கும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். எல்லாம் அக்கா வீட்டில் பத்திரமாக இருந்திருக்கும்.

கணினி தான் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைத்திருந்தது. குணாளன் அதைத் திறந்தான். மூன்று மணி பன்னிரண்டுக்கு முதல் வீடியோ அழிந்திருந்தது. மூன்று நாற்பத்தொன்றுக்குக் கடைசி வீடியோ. இடையில் ஒவ்வொரு வரியும் ஒரு பெயர்: தைப்பூசம், பிறந்தநாள், பரிசளிப்பு ஒத்திகை. அவன் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தான். லோகேஸ்வரியின் முதல் அழைப்பு மூன்று பதினான்கு. அப்போது போயிருந்தவை வெறும் ஒன்பது வீடியோ. அந்த நேரத்தில் கணினியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தால் மீதி அத்தனையும் தப்பியிருக்கும்.

“ஏன் புடுங்கல?” என்றான். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாய் கேட்டுவிட்டது. “பிளக்க ஏன் புடுங்கல லோகா?”

லோகேஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து, அலமாரியின் பின்பக்கச் சுவரைக் காட்டினாள். பிளக்குக்கு மேலே குணாளன் தன் கையால் ஒட்டிய தாள் இருந்தது. ‘யாரும் தொடக் கூடாது. என்னைக் கேட்காமல் பிடுங்கினால் எல்லாம் அழிந்துவிடும்.’ சிவப்பு மையில், அடிக்கோட்டுடன். மூன்று வருஷத்துக்கு முன் அவள் இஸ்திரிப் பெட்டி போடுவதற்காக அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எதுவும் அழியவில்லை, ஆனால் அவன் அன்றைக்கு ருக்குமணி குடும்பம் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்தே அவளைப் பார்த்துக் கத்தினான். அறிவிருக்கா என்று கேட்டான். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் துடைப்பம்கூடக் கொண்டுபோனதில்லை.

பேச்சுக்குப் பதிலாக எழுதி எழுதி அழிக்கும் சின்னப் பலகையை எடுத்து எழுதினாள். முத்து முத்தான பள்ளிக்கூடக் கையெழுத்து. ‘பிளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிடுங்கினால் இன்னும் போய்விடுமோ என்று பயம்.’

பிறகு அதை அழித்துவிட்டு இன்னொரு வரி எழுதினாள். ‘உங்களைக் கேட்டேன்.’

இருபத்தொன்பது நிமிஷம். தன் குரல் ஒவ்வொரு வீடியோவாகப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒரு கையில் பிளக்கும் ஒரு கையில் போனுமாக, ஆள் எடுக்காத போனை மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். குணாளன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவனைத் தொடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு கறுப்புப் பெட்டியையும் அக்கா வீட்டு வட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஜார்ஜ் டவுனில் கெட்டுப்போன வட்டுகளிலிருந்து தகவல் எடுத்துக்கொடுக்கும் நாகூர் மீரான் என்பவரின் கடை இருந்தது. பெரியவர் கறுப்புப் பெட்டியைப் பிரித்துக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார்.

“போர்டு கருகினது பெரிசில்ல தம்பி, வேற மாத்திரலாம். உள்ள ஊசி விழுந்து வட்ட உழுதுருக்கு. ரெண்டுலயும்.”

“கொஞ்சமாச்சும் எடுக்க முடியாதா பாய்? அரை மணி நேரம் போதும். என் சம்சாரத்துக் குரலு.”

“உழுத எடத்துல என்னாத்த எடுக்கிறது.”

அக்கா வீட்டு வட்டைக் காட்டினான். அது சுழலாத வகை. குணாளனே விலை கூடக் கொடுத்து, விரும்பி வாங்கியது. அழிக்கச் சொன்னால் அந்த இடத்தைக் கையோடு துடைத்தும் வைத்துவிடும் சாதி. நாகூர் மீரான் அதைத் தன் கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றித் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

சாயங்காலம் முழுக்கக் குணாளன் போனும் கையுமாக இருந்தான். ரூபினியைக் கேட்டான், அக்காவைக் கேட்டான், பள்ளி ஆசிரியைகளைக் கேட்டான். அம்மா அனுப்பிய குரல் செய்தி ஏதாவது இருக்கிறதா? ரூபினி ஜொகூரிலிருந்து அழுதபடி சொன்னாள்: “எல்லாத்தையும் உங்க பெட்டிதானேப்பா எடுத்துக்கிச்சு! என் போன்ல எங்க இருக்கு?” பலரிடம் தேடித் திரட்டியதில் தேறியது மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. வரும்போது தயிர் வாங்கிட்டு வா. நாளைக்கு மீட்டிங் எத்தன மணிக்கு. அக்கா, மழையா அங்க. எல்லாம் துண்டு துண்டாக, பின்னால் பள்ளி மணியும் மோட்டார் சத்தமும் கலந்து. இந்தத் தடவை அவன் ஒன்றைக்கூட விடாமல் கேட்டான். பத்துத் தடவை கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புதன்கிழமையிலிருந்து லோகேஸ்வரி அவனுக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. காடியில் அவன் தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். ‘தப்பு என்னோடது. ஞாயித்துக்கிழமையே எடுத்திருக்கலாம். சொன்னதக் கேட்டிருக்கலாம்.’ எல்லாவற்றையும் ஷாஹிராவிடம் சொல்லிவிட வேண்டும். லோகேஸ்வரியின் முன்னால் வைத்தே சொல்ல வேண்டும். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஷாஹிரா அந்த மூன்று நிமிஷம் நாற்பது விநாடியைக் கணினியில் போட்டுக் கேட்டாள். அவள் முகம் சுருங்கியது.

“இத வச்சு ஒன்னும் செய்ய முடியாது அண்ணே. நான் கேட்டுப் பாக்கிறேன், ஆனா முடியாது.” பிறகு ஒரு கையடக்கப் பலகைக் கணினியை எடுத்து லோகேஸ்வரியின் முன் வைத்தாள். “இதுல ரெடிமேடா நாலு பொம்பளக் குரல் இருக்கு டீச்சர். எது பிடிக்குதோ எடுத்துக்கங்க. டைப் பண்ணி இந்தப் பட்டன அமுக்குனா பேசும்.”

லோகேஸ்வரி நான்கையும் கேட்டாள். எல்லாம் தமிழ்நாட்டுச் செய்தி வாசிப்பவர்களின் குரல்போல இருந்தன. ‘வந்துட்டீங்களா’ என்று தட்டினால் தடுக்கி விழுந்தன. எழுத்துத் தமிழில் தட்டினால் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடின. மூன்றாவது குரலை அவள் தேர்ந்தெடுத்தாள். ஏன் அது என்று யாரும் கேட்கவில்லை.

“நாப்பது மணி நேரம் இருக்குன்னு சொன்னீங்களே அண்ணே” என்றாள் ஷாஹிரா. “அதுக்கு என்ன ஆச்சு?”

குணாளன் வாயைத் திறந்தான். காடியில் அத்தனை சரளமாக வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அவன் திணறிக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி தலையைக் குனிந்து எதையோ தட்டினாள். பிறகு பட்டனை அமுக்கினாள்.

“இடி விழுந்தது. பெட்டி எரிந்துவிட்டது. யார் மேலும் தவறு இல்லை” என்றது அந்தக் குரல்.

அவளுடைய புதுக் குரலில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“இல்ல” என்றான் குணாளன். “இடி இல்ல ஷாஹிரா. நான்தான்...”

லோகேஸ்வரி மறுபடி அமுக்கினாள். “இடி விழுந்தது. பெட்டி எரிந்துவிட்டது. யார் மேலும் தவறு இல்லை.” அதே ஏற்றம், அதே இறக்கம்.

“லோகா, சொல்ல விடு. நான் எழுதி வச்ச தொண்ணூறு விநாடிதான்...”

அவள் அவனைப் பார்க்காமல் பலகையின் ஓரத்தைத் தடவி, ஒலியைக் கூட்டும் பொத்தானைக் கண்டுபிடித்தாள். அது போகும்வரை கூட்டிவிட்டு மூன்றாவது தடவையாக அமுக்கினாள். நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது கத்தியது. வீட்டில் அவன் பேச்சை அடக்க வேண்டுமென்றால் இருபத்தொரு வருஷமாக அவள் செய்தது இதுதான். குரலை ஒரு படி உயர்த்துவாள், அவன் அடங்கிவிடுவான்.

குணாளன் வாயை மூடிக்கொண்டான்.